மீன்தொட்டி மூடிக்குச் சத்தமில்லாத காற்றாடி: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜார்ஜ்டவுன்: பினாங்கில் வீட்டில் மீன் வளர்ப்பவர்களுக்குப் பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை சோதனையான மாதங்கள். மழை குறைந்து வெயில் கடுமையாகும் இக்காலத்தில், அடுக்குமாடி வீட்டின் மேற்குச் சுவரும் தோட்டப்புற வீட்டின் தகரக் கூரையும் பிற்பகலில் அனலாய்க் கொதிக்கின்றன. மூடி போட்ட கண்ணாடித் தொட்டிக்குள் விளக்கின் சூடும் நீர் பம்பின் சூடும் சேர்ந்துகொள்ள, தண்ணீர் 31, 32 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடுகிறது.

அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். பசிக்கிறது என்று நினைத்துத் தீனி போடுபவர்களும் உண்டு. உண்மையில் அது மூச்சுத் திணறல். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.3 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம்தான். அதே சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்குத் தேவைப்படும் உயிர்வளியோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் நிலை இது. இரவில் நீர்ச்செடிகளும் உயிர்வளியை எடுத்துக்கொள்வதால், இரவு நன்றாக இருந்த மீன் விடியும்போது செத்து மிதப்பதும் உண்டு.

தொட்டியின் மூடியில் சிறு காற்றாடி ஒன்றைப் பொருத்துவது இதற்கு மலிவான வழி. ஆனால் வாங்கிப் பொருத்தியவர்களிடம் இரண்டு குறைகள் அடிக்கடி எழுகின்றன. ஒன்று, சூடு எதிர்பார்த்த அளவு குறையவில்லை. மற்றது, இரவில் அதன் இரைச்சலால் தூங்க முடியவில்லை. தூக்கம் கெடுகிறது என்று இரவில் காற்றாடியை நிறுத்திவிட்டால் அதை வாங்கியதன் பயன் பாதி போய்விடும். எனவே சத்தமில்லாமல் இருப்பதை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. நாள் முழுவதும் ஓடவிட முடிந்தால்தான் காற்றாடி மீனைக் காக்கும்.

தே தாரிக் ஆறும் விதம்

காற்றாடி தண்ணீருக்குள் குளிர்ந்த காற்றை அனுப்புவதில்லை. அது தண்ணீரை ஆவியாக்குகிறது. ஆவியாகும் தண்ணீர் தன்னோடு சூட்டை எடுத்துச் செல்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும், கடையில் தே தாரிக் இழுத்து ஆற்றுவதும் இதே முறைதான்.

இதன் கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,430 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது. ஒரு நாளில் ஒரு லிட்டர் ஆவியானால், 28 வாட் சூட்டைத் தொடர்ந்து வெளியே தள்ளுவதற்குச் சமம். 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் கொண்ட வழக்கமான இரண்டடித் தொட்டியில் 60 லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதை ஒரு டிகிரி குளிர்விக்கச் சுமார் 100 மில்லிலிட்டர் ஆவியானால் போதும்.

கேட்கும்போது சுலபமாகத் தோன்றினாலும், அறையின் சூடு மீண்டும் மீண்டும் கண்ணாடி வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். எனவே ஆவியாதல் இடைவிடாமல் நடக்க வேண்டும். அது எவ்வளவு நடக்கும் என்பதைக் காற்றாடியின் வலிமையைவிட அறைக் காற்றின் ஈரப்பதமே அதிகம் முடிவு செய்கிறது.

ஈரக்காற்று போடும் எல்லை

காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால், அது மேலும் நீராவியை ஏற்காது. மழைநாளில் கொடியில் போட்ட துணி காயாமல் இருப்பது இதனால்தான். கடலால் சூழப்பட்ட பினாங்குத் தீவில் இது முக்கியமான செய்தி.

அறை வெப்பம் 31 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஈரப்பதம் 60 விழுக்காடாக இருந்தால், ஆவியாதல் மூலம் தண்ணீரை ஏறக்குறைய 25 டிகிரி வரைதான் இறக்க முடியும். ஈரப்பதம் 70 விழுக்காடானால் அந்த எல்லை 26.5 டிகிரிக்கு ஏறுகிறது. மழைக்கு முன்னான புழுக்கத்தில் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குப் போனால், 29 டிகிரிக்குக் கீழே எந்தக் காற்றாடியாலும் இறக்க முடியாது. ஒன்றுக்கு இரண்டாக, இரண்டுக்கு நான்காகக் காற்றாடிகளைச் சேர்த்தாலும் இந்த எல்லை மாறாது; எல்லையை நோக்கி வேகமாகப் போகலாம், அவ்வளவே. விளக்கும் பம்பும் சூடு தருவதால் தொட்டி நீர் பெரும்பாலும் இந்த எல்லைக்கு ஓரிரண்டு டிகிரி மேலேயே நிற்கும்.

குளிர்சாதன வசதியுள்ள அறையில் நிலைமை வேறு. அங்கே காற்று குளிர்ச்சியாகவும் உலர்ந்தும் இருக்கும். 26 டிகிரி, 55 விழுக்காடு ஈரப்பதம் என்றால் எல்லை 20 டிகிரிக்கும் கீழே போய்விடும். அப்படிப்பட்ட அறையில் காற்றாடியை முழு வேகத்தில் விட்டால் தண்ணீர் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டின் எல்லை எவ்வளவு என்பதைக் காசு செலவின்றி நீங்களே அறியலாம். மீன்தொட்டிக்குப் பயன்படுத்தும் கம்பி வைத்த டிஜிட்டல் வெப்பமானியின் முனையில் ஈரமான பஞ்சையோ மெல்லிய துணியையோ சுற்றுங்கள். மேசைக் காற்றாடியின் முன்னே பத்து நிமிடம் வையுங்கள். எண் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் அந்த நேரத்தில் உங்கள் அறையில் காற்றாடியால் எட்டக்கூடிய அடிமட்டம். வெயில் உச்சத்தில் இருக்கும் பிற்பகலில் ஒரு முறை, மழைநாளில் ஒரு முறை எனச் செய்து பாருங்கள். எண் 26 என்று காட்டினால், தொட்டி நீர் 27, 28 டிகிரிக்கு இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். உங்கள் மீனுக்கு 23 டிகிரி வேண்டுமென்றால், காற்றாடி வாங்கும் பணம் வீண்.

எந்த மீனுக்குத் தேவை?

எல்லாத் தொட்டிக்கும் காற்றாடி அவசியமில்லை. பினாங்கு பெயர் பெற்றிருக்கும் டிஸ்கஸ் மீன், 28 முதல் 30 டிகிரி வரையிலான வெதுவெதுப்பையே விரும்பும். கப்பி மீன்கள் நம் வானிலைக்குப் பெரும்பாலும் பழகிக்கொள்ளும். கடைகளில் விற்கும் சண்டை மீனும் வெப்பத்தைத் தாங்கும். அது மேற்பரப்புக்கு வந்து காற்றையே சுவாசிக்கக்கூடியது என்பதால், அதன் தலைக்கு மேல் பலமாகக் காற்று அடிப்பது நல்லதுமல்ல.

தங்க மீனின் நிலை வேறு. அது 18 முதல் 24 டிகிரி வரையிலான குளிர்ந்த நீருக்கு உரியது. நியான் டெட்ரா 26 டிகிரிக்கு மேல் நெடுநாள் இருந்தால் சோர்ந்துவிடும். சிவப்பு வெள்ளைப் பட்டை கொண்ட கிறிஸ்டல் இறால் 24 டிகிரிக்கு மேல் போனால் இனப்பெருக்கத்தை நிறுத்திக்கொள்ளும். வெயில் மாதத்தில் கூட்டமாகச் சாவதும் உண்டு. பாசி வகைகள் பலவும் சூட்டில் பழுத்துப் போகும்.

பினாங்கின் சொந்த மண்ணுக்குரிய மீன் ஒன்றும் இந்தப் பட்டியலில் சேரும். டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவரான தியோடர் காண்டர், 1849-இல் அறிவியல் உலகுக்கு விவரித்த காட்டுச் சண்டை மீன் இனம், ஆங்கிலத்தில் இன்றும் பினாங்கின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மர நிழலில் ஓடும் ஓடைகளில் வாழ்வது அது. கடைச் சண்டை மீனைப்போல் சின்னக் குடுவையில், வெயில்படும் சன்னலோரம் வைத்து வளர்க்க அது ஏற்றதன்று.

தங்க மீனுக்கோ கிறிஸ்டல் இறாலுக்கோ 22, 23 டிகிரி நிலையாக வேண்டுமென்றால், குளிர்சாதன அறையில் தொட்டியை வைக்க வேண்டும் அல்லது ‘சில்லர்’ எனும் குளிர்விக்கும் இயந்திரம் வாங்க வேண்டும். சில்லர் சிறிய குளிர்பதனப் பெட்டியைப் போன்றது. விலையும் மின்செலவும் பல மடங்கு. தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அது அறைக்குள்ளேயே விடும் என்பதால் சிறு அறைக்கு ஏற்றதன்று. மற்றபடி, 31 டிகிரியை 28-க்குக் கொண்டுவர வேண்டும் என்ற நிலையில் உள்ள பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்குக் காற்றாடியே போதும்.

முதலில் செலவில்லாத வழிகள்

காற்றாடி வாங்கும் முன் தொட்டிக்குள் வரும் சூட்டைக் குறைப்பது அறிவுடைமை. தொட்டியை மேற்குச் சுவரிலிருந்தும் சன்னல் வெயிலிலிருந்தும் தள்ளி வையுங்கள். விளக்கை மூடிக்குள் அடைக்காமல் சற்று உயர்த்தி வைத்தால், அதன் சூடு அறைக்குப் போய்விடும். விளக்கு எரியும் நேரத்தைப் பகலிலிருந்து மாலை, இரவுக்கு மாற்றி, ஆறு முதல் எட்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். நீருக்குள் மூழ்கியிருக்கும் பம்பின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகத் தண்ணீரிலேயே சேரும். எனவே தேவைக்கு அதிகமான வாட் கொண்ட பம்பு வேண்டாம்.

வீட்டுக் கூரைக் காற்றாடி சுழலும் அறையில், மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டினாலே ஒரு டிகிரி வரை குறையலாம். மீன் துள்ளி வெளியே விழாமலும் வலை தடுக்கும். பனிக்கட்டியைத் தொட்டியில் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. சில நிமிடங்களில் சூடு சட்டென்று இறங்கிப் பின் ஏறுவது, நிலையான சூட்டைவிட மீனுக்கு ஆபத்தானது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

மீன்தொட்டிக்கென்று கடையில் விற்கும் கவ்வி வைத்த காற்றாடிகளில், 4 அல்லது 5 சென்டிமீட்டர் அளவுள்ள குட்டிக் காற்றாடிகள் இரண்டு, மூன்று, நான்கு என வரிசையாக இருக்கும். பார்க்க அடக்கமாக இருந்தாலும் சத்தத்துக்கு மூலகாரணம் இவைதான். சிறிய இறக்கை போதிய காற்றைத் தள்ள வேண்டுமானால் மிக வேகமாகச் சுழல வேண்டும். வேகம் கூடினால் ஓசை கூடும். அதோடு ஓசை கீச்சென்று உயரும். ஏழு இறக்கைகள் நிமிடத்திற்கு 3,000 சுற்றில் சுழன்றால், 350 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் ஒலி எழும். ஒன்பது இறக்கைகள் 900 சுற்றில் சுழன்றால் அது 135 ஹெர்ட்ஸ்தான். தாழ்ந்த ஒலி நம் காதுக்கு அவ்வளவாக உறைக்காது.

ஆகவே முதல் விதி: மூடியில் இடமிருக்கும் அளவுக்குப் பெரிய காற்றாடியை வாங்கி, மெதுவாக ஓட்டுங்கள். கணினிக்குள் பொருத்தப்படும் 12 வோல்ட் காற்றாடிகள் 80, 92, 120, 140 மில்லிமீட்டர் அளவுகளில் கிடைக்கின்றன. 120 மில்லிமீட்டர் காற்றாடியின் முகப்பரப்பு 80 மில்லிமீட்டர் காற்றாடியைவிட இரண்டேகால் மடங்கு. இரண்டடித் தொட்டிக்கு ஒரு 120 மில்லிமீட்டர் காற்றாடி போதும். நான்கடித் தொட்டிக்கு இரண்டு வைக்கலாம்.

இரண்டாவது விதி: வேகத்தைக் குறைப்பதில்தான் பெரிய ஆதாயம். சுற்றும் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஓசையோ ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். ஆஸ்திரியாவின் நொக்துவா நிறுவனம் ஒரே வடிவிலான 120 மில்லிமீட்டர் காற்றாடியைப் பல வேகங்களில் விற்கிறது. அதில் 1,700 சுற்று கொண்டது 25.1 டெசிபல் என்றும், 900 சுற்று கொண்டது 12.6 டெசிபல் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டி, படுக்கையறையில் இரவு முழுதும் தொடர்ந்து ஒலிக்கும் ஓசை 30 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. பெட்டியில் அச்சிட்ட அளவு, அமைதியான ஆய்வுக்கூடத்தில், காற்றாடிக்கு முன்னே எந்தத் தடையும் இல்லாமல் அளந்தது. மூடியில் பொருத்தியதும் ஓசை கூடும். எனவே 20 டெசிபலுக்கும் குறைவாகக் குறிக்கப்பட்டதை வாங்கினால், கொஞ்சம் கூடினாலும் தூக்கம் கெடாது.

ஒரே அளவு ஓசையுள்ள இரண்டு காற்றாடிகளைச் சேர்த்தால் 3 டெசிபல்தான் கூடும். வேகமான ஒன்றைவிட மெதுவான இரண்டு அமைதியானவை. ஆனால் இரண்டின் வேகமும் மிகச் சிறிதளவு வேறுபட்டால், ஓசை ஏறி இறங்கி அலைபோல் ரீங்கரிக்கும். இரண்டையும் ஒரே வகையாக வாங்கி, ஒரே அடாப்டரில் இணைப்பது இதைக் குறைக்கும்.

மூன்றாவது, உள்ளே இருக்கும் ‘பேரிங்’. மலிவான காற்றாடிகளில் எண்ணெய் ஊறிய சாதாரண உருளை பேரிங் இருக்கும். புதிதில் அமைதியாக ஓடும். ஆனால் மூடியின் மேல் படுக்கை நிலையில் வைத்து, கீழேயிருந்து ஈர ஆவியும் பட்டால், எண்ணெய் வற்றி விரைவில் கரகரக்கத் தொடங்கும். குண்டு பேரிங் சூட்டையும் படுக்கை நிலையையும் தாங்கும், சற்று இரையும். திரவ அழுத்த பேரிங் கொண்டவை அமைதியும் நீண்ட ஆயுளும் உள்ளவை. விலை கூடுதலானாலும், இடைவிடாமல் ஓடும் மீன்தொட்டிக்கு இவையே ஏற்றவை.

பெட்டியில் ‘ஐபி’ என்று தொடங்கும் எண்ணையும் பாருங்கள். அதன் முதல் எண் தூசிக் காப்பையும், இரண்டாம் எண் நீர்க் காப்பையும் குறிக்கும். ஐபி67 என்றால் தூசி புகாது. சிறிது நேரம் நீரில் விழுந்தாலும் தாங்கும். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு உப்பு அரிப்பதால் இத்தகைய காப்பு அவசியம். நன்னீர்த் தொட்டிக்கு, சரியாகப் பொருத்தினால் சாதாரணக் காற்றாடியே சில ஆண்டுகள் உழைக்கும்.

மூடியில் பொருத்தும் முறை

நல்ல காற்றாடியையும் தவறாகப் பொருத்தினால் அது இரையும். பலரும் செய்யும் தவறு, காற்று உள்ளே போக வழி வைத்துவிட்டு வெளியேற வழி வைக்காதது. மூடிக்குள் அடைபட்ட காற்று சில நிமிடங்களில் நீராவியால் நிறைந்துவிடும். அதன்பின் காற்றாடி அதே ஈரக்காற்றையே சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருக்கும். சூடு குறையவில்லை என்ற முதல் குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். காற்றாடி ஒரு முனையில் இருந்தால், மறுமுனையில் அதன் முகப்பரப்பு அளவுக்காவது திறப்பு வேண்டும். 120 மில்லிமீட்டர் காற்றாடிக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் திறப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வலை அடைத்தால் இன்னும் சற்றுப் பெரிதாக்குங்கள்.

காற்று எந்தத் திசையில் போக வேண்டும் என்ற கேள்வியும் எழும். அறைக் காற்றை இழுத்துத் தண்ணீரின் மேல் சாய்வாக வீசும்படி வைப்பதே நல்லது. அப்போது காற்றாடிக்குள் உலர்ந்த காற்று மட்டும் போகும். ஈரக்காற்றை வெளியே உறிஞ்சும்படி வைத்தால், நாள் முழுதும் நீராவி அதன் மோட்டார் வழியாகவே போகும், ஆயுள் குறையும். காற்றாடியின் சட்டத்தில் திசையைக் காட்டும் அம்புக்குறி பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால், ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மெல்லிய பிளாஸ்டிக் மூடி மத்தளத்தின் தோலைப் போன்றது. காற்றாடியைத் திருகாணியால் இறுக்கிக் கட்டினால், அதன் சிறு அதிர்வையும் மூடி பெரிதாக்கிக் காட்டும். திருகாணிக்குப் பதில் ரப்பர் அல்லது சிலிக்கோன் முளைகளைப் பயன்படுத்துங்கள். மூடி கண்ணாடியோடு உரசும் இடங்களில் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ஓசை வரும்போது மூடியைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஓசை நின்றால், குற்றம் காற்றாடியுடையதன்று.

விரல் படாமலும், பல்லி கரப்பான் நுழையாமலும் இருக்க முன்னே ஒரு காப்புக் கம்பி வேண்டும். தகட்டில் துளை போட்ட காப்பைவிட வட்டக் கம்பிக் காப்பு காற்றைக் குறைவாகத் தடுக்கும், ஓசையும் குறையும். காப்புக்கும் இறக்கைக்கும் இடையே சிறிது இடைவெளி விடுங்கள். சுவருக்கு மிக நெருக்கமாகத் தொட்டி இருந்தால், காற்றை இழுக்க இடமில்லாமல் காற்றாடி முனகும்.

மின்சாரத்தில் கவனம்

தண்ணீருக்கு மேல் மின்சாரம் வைக்கிறோம் என்பதை ஒரு போதும் மறக்கக் கூடாது. 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் இரும்புச் சட்டக் காற்றாடிகள் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு உரியவை; இரைச்சலும் அதிகம். அவை விலை மலிவாகக் கிடைத்தாலும் மீன்தொட்டிக்கு வேண்டாம். மூடிக்குள் 12 வோல்ட் அல்லது 5 வோல்ட் மட்டுமே இருக்கட்டும்.

அடாப்டர் வாங்கும்போது சிரிம் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மின்னழுத்தத்தை மாற்றக்கூடிய அடாப்டரில் 12 வோல்ட் காற்றாடியை 9 அல்லது 7.5 வோல்ட்டில் ஓட்டி வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் மிகக் குறைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் காற்றாடி மின்தடைக்குப் பிறகு மீண்டும் சுழலத் தொடங்காமல் நின்றுவிடலாம். எனவே குறைந்த வேகத்தில் வைத்தபின், சுவிட்சை அணைத்து மீண்டும் போட்டுச் சோதியுங்கள். ஐந்தாறு முறையும் தானே சுழலத் தொடங்கினால் பயமில்லை.

அடாப்டரும் நீட்டிப்பு பிளக்கும் தொட்டிக்குக் கீழே தரையில் கிடக்கக் கூடாது. கம்பி பிளக்கை அடையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விடுங்கள். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்கிற்குள் போகாது. வீட்டு மின்பெட்டியில் உள்ள மின்கசிவுத் துண்டிப்பானில் சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்தி, மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்று பாருங்கள். பழைய தோட்டப்புற வீடுகளில் அந்தக் கருவி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்வது அவசியம்.

மின்கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். 3 வாட் காற்றாடி இரவும் பகலும் ஒரு மாதம் ஓடினால் 2.16 யூனிட்தான் ஆகும். ஒரு கோப்பைத் தேநீரின் விலைகூட வராது. வெப்பமானியோடு இணைந்த கட்டுப்பாட்டுக் கருவி வைத்தால், 28 டிகிரிக்கு மேல் போகும்போது ஓடி 27 டிகிரியில் நின்றுவிடும். குளிர்சாதன அறையில் இது மிகவும் உதவும்.

தண்ணீர் குறையும், கொசுவையும் கவனியுங்கள்

காற்றாடி ஓடினால் தண்ணீர் குறைந்தே தீரும். குறையவில்லை என்றால் காற்றாடி வேலை செய்யவில்லை என்று பொருள். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, அந்த அளவுக்கு அன்றாடம் நிரப்புங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றுவதானால், குளோரினை நீக்கும் மருந்து கலந்தபின் ஊற்றுங்கள். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. அதிலுள்ள தாதுக்கள் தொட்டியிலேயே தங்கிச் செறிவாகும். அதனால் நிரப்பினால் போதும் என்று இருந்துவிடாமல், வழக்கமாகத் தண்ணீர் மாற்றுவதையும் தொடர வேண்டும்.

இன்னொரு சிறு செய்தி. தொட்டியின் விளிம்பில் தொங்கும் வடிகட்டியிலிருந்து தண்ணீர் அருவிபோல் விழும். நீர்மட்டம் இரண்டு விரற்கடை குறைந்தால் அந்த அருவியின் சத்தம் பெரிதாகிவிடும். காற்றாடி வாங்கியபின் இரவில் சத்தம் கூடிவிட்டது என்று நினைப்பவர்கள், முதலில் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

நிரப்புவதற்காகத் தண்ணீரை வாளியில் பிடித்து வைப்பவர்கள் அதை இறுக மூடி வையுங்கள். மீன் இருக்கும் தொட்டியில் கொசுப் புழு பிழைக்காது. அருகிலுள்ள வாளியில் பிழைக்கும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரிலேயே முட்டையிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வீட்டில் கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 500 ரிங்கிட் வரை குற்றப்பதிவு வழங்கப்படலாம்.

ஆவியான நீர் அறைக்குள்தான் போகிறது. சன்னல் மூடிய சிறு அறையில் ஈரம் தேங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். காற்றாடியின் பயனும் குறைந்துகொண்டே வரும். பகலில் ஒரு சன்னலையாவது திறந்து வையுங்கள்.

மாதம் ஒரு முறை மின்சாரத்தைத் துண்டித்து, இறக்கைகளில் படியும் தூசியையும் வெண்மையான தாதுப் படிவையும் ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு பக்க இறக்கையில் மட்டும் அழுக்குப் படிந்தால்கூடச் சமநிலை தவறி அதிரத் தொடங்கும்.

கடைக்குப் போகும்போது

• ஈரப் பஞ்சுச் சோதனை செய்து, காற்றாடியால் உங்கள் மீனுக்குத் தேவையான சூட்டுக்கு இறக்க முடியுமா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

• மூடியின் நீள அகலத்தையும், தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே உள்ள உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

• 120 மில்லிமீட்டர், 12 வோல்ட், நிமிடத்திற்கு 800 முதல் 1,200 சுற்று, 20 டெசிபலுக்குள் என்று கேளுங்கள். மீன் கடையில் இல்லையென்றால் கணினிக் கடையில் கிடைக்கும்.

• திரவ அழுத்த பேரிங் அல்லது குண்டு பேரிங் எனக் குறிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள்.

• ரப்பர் முளை, வட்டக் கம்பிக் காப்பு, சிரிம் ஒட்டுள்ள அடாப்டர் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

• முடிந்தால் கடையிலேயே ஓடவிட்டு, காதருகே வைத்துக் கேளுங்கள். இரைவதைவிட, கரகரப்போ விட்டுவிட்டுத் தட்டும் ஓசையோ இருந்தால் வேறொன்று கேளுங்கள்.

காற்றாடியைப் பொருத்திய முதல் வாரம், காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் தண்ணீரின் வெப்பத்தைக் குறித்து வாருங்கள். இரண்டு, மூன்று டிகிரி குறைந்து, பகலுக்கும் இரவுக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாமல் இருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. அதற்கு மேல் எதிர்பார்த்து வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும். வெப்பம் உச்சத்தில் இருக்கும் நாள்களில் காற்றுக்கல்லையும் சேர்த்து ஓடவிடுங்கள். சூடு சற்றே மிஞ்சினாலும் மீனுக்கு மூச்சு முட்டாது.